ஸ்பார்க் பிளக்: அறிகுறியிலிருந்து கோளாறுக்கு

பெட்ரோல் காரில் உதறல் வந்தாலும், இழுவை குறைந்தாலும், காலையில் கிளம்ப அடம்பிடித்தாலும் முதல் சந்தேகம், பொறி விட்டுப் பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்கின் மேல் விழுகிறது. பல நேரங்களில் அந்தச் சந்தேகம் சரியாகவே இருக்கும். ஆனால் பிளக்கோடு சேர்ந்து வேலை செய்யும் காயில் (பொறிக்கான உயர் மின்னழுத்தத்தை எழுப்புவது), இன்ஜெக்டர் (பெட்ரோலைப் பீய்ச்சுவது), காற்றுக் குழாய், வால்வு ஆகிய எதில் கோளாறு வந்தாலும் ஓட்டுபவர் உணர்வது ஏறக்குறைய அதே உதறலைத்தான். புதிய பிளக் வாங்கிப் போட்ட பிறகும் உதறல் நிற்கவில்லை என்று தவிப்பவர்களில் பலர், அது எந்த நேரத்தில் வருகிறது, எந்தச் சிலிண்டரில் வருகிறது என்ற இரண்டையும் பார்க்காமலே ஸ்பானரைக் கையில் எடுத்தவர்கள். அந்த இரண்டும் தெரிந்துவிட்டால் வேலையில் பாதி முடிந்துவிடும்.

இங்கே சொல்பவை ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனிக் காயில் உட்காரும் இன்றைய மூன்று, நான்கு சிலிண்டர் குடும்பக் கார்களுக்கானவை. வி6 இன்ஜினைக் குறுக்காகப் பொருத்திய கார்கள் பலவற்றில் பின்வரிசை பிளக்குகளை எட்ட, காற்றை உள்ளே கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டையே கழற்ற வேண்டும்; முதல் முறையாகச் செய்பவர் அதில் இறங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. ஹைப்ரிட் கார் ‘ரெடி’ நிலையில் இருந்தால் இன்ஜின் தானாகவே ஓடத் தொடங்கிவிடும். ஆகவே அதை முழுவதும் அணைத்து, சாவியைத் தள்ளி வைத்த பிறகே பானெட்டுக்குள் கை வைக்க வேண்டும். உயர் மின்னழுத்தம் பாயும் ஆரஞ்சு நிறக் கேபிள்களை எந்தக் காரணத்துக்காகவும் தொடக் கூடாது.

## இன்ஜின் விளக்கு மின்னுகிறது, வண்டி உதறுகிறது

விளக்கு நிலையாக எரிவதற்கும் விட்டுவிட்டு மின்னுவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. நிலையாக எரிந்தால் கோளாறு பதிவாகியிருக்கிறது, விரைவில் பாருங்கள் என்று பொருள். மின்னினால், எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் அளவுக்கு மீறிச் சூடாகிறது என்று பொருள். அந்த நிலையில் ஓட்டினால் ஒரு பிளக்கோடு முடிய வேண்டிய செலவு கன்வர்ட்டர் வரை போகும். வேகத்தைக் குறையுங்கள், பாதுகாப்பான இடம் கிடைத்ததும் நிறுத்துங்கள்.

அடுத்த வேலை ஸ்கேனர். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் செருகி, வண்டியின் கணினி பதிந்த கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் சிறிய ஸ்கேனர் ஒன்றை வீட்டில் பிளக் மாற்ற நினைக்கும் எவரும் வைத்திருக்க வேண்டும். பி0301 முதல் பி0304 வரையான குறியீடுகளில் கடைசி இலக்கம் மிஸ்ஸிங் ஆகும் (கலவை எரியாமல் போகும்) சிலிண்டரைக் காட்டும். பி0300 என்றால் மிஸ்ஸிங் ஒரு சிலிண்டரில் நிற்காமல் மாறி மாறி வருகிறது. ஒன்றாம் சிலிண்டர் எந்தப் பக்கம் என்பதை உங்கள் வண்டியின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் பெல்ட் அல்லது டைமிங் செயின் இருக்கும் பக்கம்தான். ஆனால் எல்லா வண்டிக்கும் அது விதியாகாது.

குறியீடு ஒரே சிலிண்டரைக் காட்டினால் எதையும் வாங்காமலே கோளாறைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. பி0302 வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இன்ஜினை அணைத்து, இரண்டாம் சிலிண்டரின் காயிலை மூன்றாம் சிலிண்டருக்கும் அங்கிருந்ததை இரண்டாவதுக்கும் மாற்றுங்கள். குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். இப்போது பி0303 வந்தால் காயில்தான் குற்றவாளி. அதை மாற்றினால் போதும். மறுபடி பி0302 வந்தால் காயிலை விட்டுவிட்டு, அதே முறையில் பிளக்கை இடம் மாற்றிப் பாருங்கள். பிளக்கோடு குறியீடும் நகர்ந்தால் பிளக்கை மாற்ற வேண்டும். இரண்டையும் மாற்றியும் பி0302 அசையவில்லை என்றால் இன்ஜெக்டர், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்), வால்வு என்று வேறு இடத்தில் தேட வேண்டும்; புதிய பிளக் அதைத் தீர்க்காது.

இந்தச் சோதனையில் ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். காயிலையும் பிளக்கையும் சேர்த்து மாற்றினால் எதனால் குறியீடு நகர்ந்தது என்பது தெரியாமல் போகும்.

இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு காயிலாகப் பிடுங்கிப் பார்க்கும் பழைய பழக்கத்தை விட்டுவிடுங்கள். காயிலிலிருந்து வருவது பல்லாயிரம் வோல்ட். அது கையில் பாய்ந்தாலும் ஆபத்து, பாய இடமில்லாமல் காயிலுக்குள்ளேயே திரும்பினாலும் காயில் கெடும். எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குப் போவதும் அதில் சேரும்.

## சமதளத்தில் நன்றாக ஓடுகிறது. ஏற்றத்திலும் முந்தும்போதும் விக்குகிறது

தேய்ந்த பிளக்கின் அடையாளமான அறிகுறி இதுதான். பொறி ஒவ்வொரு முறை பாயும்போதும் மின்முனையிலிருந்து துளி உலோகத்தை அரித்துக்கொண்டு போகிறது. இடைவெளி மெல்ல மெல்ல அகலமாகிறது. இரண்டு முனைகளுக்கு இடையே பொறி பாயத் தேவைப்படும் மின்னழுத்தம், இடைவெளியோடும் வாயுவின் அழுத்தத்தோடும் சேர்ந்து மாறுகிறது என்பதை ஜெர்மானிய இயற்பியலாளர் ஃபிரீட்ரிக் பாஷன் 1889-லேயே அளந்து காட்டினார். ஐட்லிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரைத் தொடாமல் இன்ஜின் ஓடும்போது, சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவு. அகன்ற இடைவெளியையும் பொறி தாண்டிவிடும். ஆக்சிலரேட்டரை அழுத்தி ஏற்றம் ஏறும்போது காற்று நிறைய உள்ளே போகிறது, அழுத்தம் ஏறுகிறது, காயிலின் சக்தி போதாமல் போகிறது. டர்போ இன்ஜின்களில் இந்த அறிகுறி இன்னும் முன்னதாகவே தெரியும். அவற்றின் பிளக் இடைவெளியைக் குறைவாக வைத்திருப்பதும் இதனால்தான்.

பிளக்கைக் காலம் தாழ்த்தாமல் மாற்ற வேண்டும் என்று நான் வலியுறுத்துவதற்கும் காரணம் இங்கே இருக்கிறது. அகன்ற இடைவெளியைத் தாண்டுவதற்காகக் காயில் ஒவ்வொரு முறையும் கூடுதல் மின்னழுத்தத்தை எழுப்புகிறது. நாளடைவில் அதன் உட்காப்பு பழுதாகிறது, அல்லது மின்சாரம் ரப்பர் உறையைத் துளைத்துப் பக்கவாட்டில் சிலிண்டர் ஹெட்டின் (சிலிண்டர்களை மேலே மூடும் பாகம்) உலோகத்துக்குப் பாயப் பழகிவிடுகிறது. இரண்டு வருடங்களில் இரண்டு மூன்று காயில்கள் போய்விட்டன என்று வருந்துபவர்கள் பிளக்குகளின் வயதைப் பார்க்க வேண்டும்.

நிக்கல் பிளக் என்றால் ஏறத்தாழ 30,000 முதல் 40,000 கிலோமீட்டர். இரிடியம், பிளாட்டினம் என்றால் பெரும்பாலும் 80,000 முதல் 1,00,000 கிலோமீட்டர் அல்லது அதற்கும் மேல். உங்கள் வண்டியின் கையேடு சொல்லும் கணக்கே இறுதியானது.

## நிற்கும்போது மட்டும் உதறுகிறது, வேகமெடுத்தால் சரியாகிறது

மேலே சொன்னதற்கு நேர் எதிரான இந்த அறிகுறியில் பிளக்கைக் கடைசியாகச் சந்தேகியுங்கள். ஐட்லிங்கில் இன்ஜின் இழுக்கும் காற்று மிகக் குறைவு. அதனால் வெடித்த ஒரு ரப்பர் குழாய் வழியாக நுழையும் கொஞ்சக் காற்றுகூடக் கலவையைக் கெடுத்துவிடும். வேகமெடுத்ததும் மொத்தக் காற்றில் அந்தக் கசிவு ஒரு பொருட்டாக இருக்காது. ஸ்கேனரில் பி0171 போன்ற ‘கலவை மெலிந்தது’ என்னும் குறியீடும் உடன் வந்தால் கசிவைத் தேடுவதே முதல் வேலை. கம்ப்ரஷன் குறைந்த சிலிண்டரும் ஐட்லிங்கில்தான் அதிகம் காட்டிக்கொடுக்கும்.

## மழையிலும் ஈரத்திலும் மட்டும் மிஸ்ஸிங்

காயிலின் ரப்பர் உறையில் கீறல், அல்லது பிளக் உட்கார்ந்திருக்கும் ஆழமான குழியான பிளக் கிணற்றுக்குள் தண்ணீர். காயிலை வெளியே எடுத்து உறையை வளைத்துப் பாருங்கள். மெல்லிய வெண்சாம்பல் தடமோ ஊசித் துளையோ தெரிந்தால் மின்சாரம் அந்த வழியாகத் தப்பியிருக்கிறது.

## காலையில் கிளம்பத் தாமதம்; பெட்ரோல் வாசனை

குளிரில் கலவை அடர்த்தியாக இருக்கும்; பலவீனமான பொறியால் அதைப் பற்றவைக்க முடியாது. சில முறை செல்ஃப் அடித்தும் கிளம்பாவிட்டால் பிளக்குகள் பெட்ரோலில் நனைந்துவிடும், அதன் பிறகு நல்ல பிளக்கும் பொறி விடாது. பெரும்பாலான வண்டிகளில் ஆக்சிலரேட்டர் மிதியை முழுவதும் அழுத்திக்கொண்டு சில விநாடிகள் செல்ஃப் அடித்தால் கணினி பெட்ரோலை நிறுத்திக் காற்றை மட்டும் ஓட்டி உலர்த்தும். அப்படியும் அடிக்கடி இது வந்தால் முதலில் பேட்டரியைச் சோதியுங்கள். செல்ஃப் சுழலும்போது மின்னழுத்தம் சரிந்தால் காயிலுக்குப் போதிய சக்தி கிடைக்காது. பழி பிளக்கின் மேல் விழும்.

மைலேஜ் குறைந்தது என்ற ஒரே காரணத்துக்காகப் பிளக்கைக் கழற்ற வேண்டாம். டயர் காற்று, ஏர் ஃபில்டர், பிரேக் பிடித்துக்கொண்டிருப்பது ஆகியவற்றைப் பார்த்த பிறகு இதற்கு வாருங்கள்.

## கழற்றும் முன்

இன்ஜின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். சிலிண்டர் ஹெட் அலுமினியம். சூடாக இருக்கும்போது அதன் மரை மென்மையாக இருக்கும், பிளக்கோடு சேர்ந்து உரிந்து வந்துவிடலாம். இரவு முழுவதும் நின்ற வண்டியில் காலையில் செய்வதே சிறந்தது. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள்.

கருவிகள் அதிகம் வேண்டாம். பிளக் சாக்கெட்: 14 மில்லிமீட்டர் மரை உள்ள பிளக்குக்குப் பெரும்பாலும் 16 மில்லிமீட்டர், 12 மில்லிமீட்டர் மரை உள்ளதற்குப் பெரும்பாலும் 14 மில்லிமீட்டர். உள்ளே ரப்பரோ காந்தமோ உள்ள சாக்கெட்டையே வாங்குங்கள். நீண்ட எக்ஸ்டென்ஷன், ராட்செட், காயில் போல்ட்டுக்கு ஏற்ற சாக்கெட், காற்றடிக்கும் பம்பு. இவற்றோடு, இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஒரு டார்க் ரெஞ்சும் வேண்டும். அதை இரவல் வாங்கியாவது பயன்படுத்துங்கள்.

புதிய பிளக்கின் எண் கையேட்டில் உள்ளதோடு ஒத்திருக்கிறதா என்று ஒவ்வொரு பெட்டியிலும் பாருங்கள். மரையின் நீளம் மாறினால் விபரீதம்: குட்டையானது ஹெட்டின் மரையில் கரி படிய விடும், நீளமானது பிஸ்டனில் மோதலாம். பிளக் தன் சூட்டை எவ்வளவு விரைவாகக் கடத்தும் என்பதைக் குறிக்கும் வெப்ப எண்ணிலும் கவனம் தேவை. என்ஜிகே, டென்சோ நிறுவனங்களின் எண் ஏறினால் பிளக் குளிர்ச்சியானது. பாஷ், சாம்பியன் நிறுவனங்களில் எண் ஏறினால் சூடானது. ஆகவே ஒரு நிறுவனத்தின் எண்ணை வைத்து இன்னொன்றின் பிளக்கை ஊகித்து வாங்கக் கூடாது. எத்தனை பிளக் என்பதையும் ஊகிக்க வேண்டாம். ஹோண்டாவின் பழைய ஐ-டிஎஸ்ஐ இன்ஜின்களில் சிலிண்டருக்கு இரண்டு வீதம் எட்டு பிளக் உண்டு.

## காயில் வெளியே வர மறுக்கிறது

முதலில் இணைப்பான். அதில் சிவப்பு அல்லது சாம்பல் நிறத்தில் ஒரு சிறிய பூட்டு இருந்தால் அதைப் பின்னால் நகர்த்திய பிறகுதான் கிளிப்பை அழுத்த வேண்டும். வருடக்கணக்கில் சூட்டில் வெந்த பிளாஸ்டிக் எளிதில் முறியும். கம்பியைப் பிடித்து இழுக்காதீர்கள். போல்ட்டைக் கழற்றிய பின் காயிலை நேராக மேலே இழுத்தால் ரப்பர் உறை பிளக்கில் ஒட்டிக்கொண்டு கிழிந்து உள்ளேயே தங்கிவிடலாம். இடமும் வலமுமாகத் திருப்பி, ஒட்டு விட்டுப்போனதை உணர்ந்த பிறகு தூக்குங்கள். உறை உள்ளே தங்கிவிட்டால் நீண்ட மூக்குக் குறடால் மெதுவாக எடுக்கலாம். கிழிந்ததை மறுபடி பயன்படுத்தக் கூடாது. பல காயில்களுக்கு உறை தனியாகவே கிடைக்கிறது.

## கிணற்றுக்குள் எண்ணெய் அல்லது மண்

பிளக்கைத் தளர்த்தும் முன் கிணற்றை விளக்கடித்துப் பாருங்கள். பிளக் வெளியே வந்த அடுத்த நொடி அந்தக் குழி நேரே சிலிண்டருக்குத் திறந்த வாசல். அங்கே கிடக்கும் மணலும் துருவும் உள்ளே விழுந்தால் சிலிண்டர் சுவரில் கீறல் போடும். கண்ணுக்குக் கண்ணாடி அணிந்து காற்றடித்து வெளியேற்றுங்கள். இதைத் தவிர்ப்பதற்கு எந்த அவசரமும் காரணமாகாது.

எண்ணெய் தேங்கியிருந்தால் துணி சுற்றிய குச்சியால் ஒற்றி எடுங்கள். பெரும்பாலும் அது வால்வு கவர் கேஸ்கெட்டிலும் பிளக் குழாய் சீலிலும் இருந்து கசிந்தது, சிலிண்டருக்குள்ளிருந்து வந்ததன்று. பதற வேண்டாம், ஆனால் சீலை மாற்றும் வரை அது திரும்பத் திரும்ப ஊறி, காயிலின் ரப்பரை உப்பவைத்துக் கெடுக்கும்.

## பிளக் அசையவில்லை, அல்லது கொஞ்சம் அசைந்து இறுகுகிறது

இங்கேதான் நிதானம் முழுவதும் தேவைப்படுகிறது. சாக்கெட் பிளக்கின் மேல் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். சாய்ந்த சாக்கெட் பீங்கானை உடைக்கும். ஒரே சீரான விசையில் இடப்பக்கம் திருப்புங்கள். ‘டக்’ என்று விட்டுக்கொடுத்து இலகுவாகச் சுழன்றால் நல்லது. கால் சுற்று வந்து மறுபடி இறுகினால் உடனே நிறுத்துங்கள். மரையில் கரி அடைத்திருக்கிறது. பலவந்தமாகத் திருப்பினால் அந்தக் கரி அலுமினிய மரையை அரைத்துக்கொண்டே வெளியே வரும்.

துரு நீக்கும் எண்ணெயைச் சில துளிகள் விட்டுக் காத்திருங்கள். அரை மணி நேரமோ, ஓர் இரவோ ஆகட்டும். பிறகு கால் சுற்று வெளியே, அதே அளவு உள்ளே, மீண்டும் வெளியே என்று முன்னும் பின்னுமாக ஆட்டிக் கரியைத் தளர்த்துங்கள். கடினமாகும் ஒவ்வொரு முறையும் எண்ணெய் விட்டு உள்பக்கம் திருப்புங்கள். நேரம் எடுக்கும். ஹெட்டின் மரை பிழைத்தால் அந்த நேரம் வீண்போகவில்லை.

அப்படியும் அசையவில்லை என்றால் மூடிவைத்துவிட்டு மெக்கானிக்கிடம் கொண்டுபோவதில் எந்த இழுக்கும் இல்லை. பிளக் உள்ளே முறிந்துவிட்டால் செல்ஃப் அடிக்கவே கூடாது. பீங்கான் துண்டு ஒன்று சிலிண்டருக்குள் சுற்றினால் போதும், சுவரில் கீறல் விழும். மரை உரிந்திருந்தால் உலோக மரைச் சுருளோ உறையோ பொருத்திச் சரிசெய்ய முடியும். ஆனால் அது பழகிய கைக்கான வேலை.

## பழைய பிளக் என்ன சொல்கிறது

கழற்றியவற்றை 1, 2, 3, 4 என்று எழுதிய அட்டையில் வரிசையாக வையுங்கள். குப்பையில் போடும் முன் கால் மணி நேரம் அவற்றோடு உட்காருங்கள். சிலிண்டருக்குள் நடந்ததை நேரில் பார்த்த சாட்சிகள் அவை. வேறெந்தக் கருவியும் இவ்வளவு மலிவாக அந்தச் செய்தியைத் தராது.

நான்கும் ஒன்றுபோல இளம் பழுப்பிலோ சாம்பல் நிறத்திலோ இருந்தால் இன்ஜின் நலமாக இருக்கிறது. இடைவெளியை மட்டும் அளந்து பார்த்துக்கொள்ளுங்கள். எவ்வளவு தேய்ந்தது என்பது அடுத்த முறைக்குப் பயன்படும்.

உலர்ந்த கரும்புகை படிந்திருந்தால் கலவையில் பெட்ரோல் அதிகம், அல்லது வண்டி எப்போதும் குறுகிய தூரமே ஓடி முழுச் சூட்டை எட்டாமல் நின்றுவிடுகிறது. பிளக் தன் மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ள அதன் முனை ஏறத்தாழ 450 முதல் 500 டிகிரி செல்சியஸ் வரையாவது சூடாக வேண்டும். நான்கிலும் கரி இருந்தால் ஓட்டும் முறையையும் ஏர் ஃபில்டரையும் சென்சார்களையும் பாருங்கள். ஒன்றில் மட்டும் இருந்தால் அந்தச் சிலிண்டரில் பொறி பலவீனம் அல்லது இன்ஜெக்டர் ஒழுகுகிறது.

கறுப்பாக, ஈரமாக, விரலில் வழுக்கினால் அது எண்ணெய். முனையில் எண்ணெய் இருந்தால் பிஸ்டன் ரிங், வால்வு சீல், காற்றோட்ட வால்வு ஆகியவற்றில் சந்தேகம். மேல்பகுதியில் மட்டும் எண்ணெய் இருந்தால் முன்பு சொன்ன குழாய் சீல். இரண்டையும் குழப்பிக்கொண்டு இன்ஜினே போய்விட்டது என்று கலங்குபவர்கள் உண்டு. எண்ணெய் எந்த முனையில் இருக்கிறது என்று பார்த்தால் கலக்கம் தீரும்.

பீங்கான் முனை சுண்ணாம்புபோல வெளுத்து, கொப்புளங்களோடு இருந்தால் சிலிண்டர் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது. மெலிந்த கலவை, தவறான வெப்ப எண், குளிர்விப்புக் குறைபாடு, சரியாக இறுக்கப்படாத பிளக் ஆகியவை காரணமாகலாம். மின்முனை உருகியே இருந்தால் புதிய பிளக்கைப் போட்டு ஓட்டக் கூடாது. காரணத்தைக் கண்டுபிடிக்கும் வரை வண்டி நிற்கட்டும்.

மற்ற மூன்றும் பழுப்பாக இருக்க, ஒன்று மட்டும் கழுவியதுபோலப் பளிச்சென்று இருந்தால் மகிழ வேண்டாம். அந்தச் சிலிண்டருக்குள் கூலன்ட் கசிந்து, ஆவியாகிப் பிளக்கைக் கழுவியிருக்கலாம். கூலன்ட் மட்டம் இறங்குகிறதா, சைலன்சரில் விடாமல் வெண்புகை வருகிறதா என்று பாருங்கள். இரண்டும் சேர்ந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சோதிக்க வேண்டிய நேரம்.

வெளிப்புறப் பீங்கானில் இரண்டு அடையாளங்கள் பலரைக் குழப்புகின்றன. உலோக உடம்புக்கு மேலே வளையமாகப் படிந்த பழுப்புக் கறை, உயர் மின்னழுத்தத்தால் எண்ணெய்த் துகள்கள் ஈர்க்கப்பட்டு ஒட்டியது. அது வாயுக் கசிவின் அடையாளமில்லை, கவலை தேவையில்லை. மேலிருந்து கீழாகப் பென்சிலால் கோடு போட்டதுபோல ஒரு கறுப்புத் தடம் இருந்தால், பொறி உள்ளே பாயாமல் பீங்கானின் வெளிப்புறமாக ஓடியிருக்கிறது. அதே தடம் காயிலின் உறைக்குள்ளும் இருக்கும். பிளக்கை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய உறையைப் போட்டால் புதிய பிளக்கிலும் அதே வழியில் பொறி ஓடத் தொடங்கும். பிளக்கை மாற்றியும் மிஸ்ஸிங் சில நாட்களில் திரும்புவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

## புதியதைப் போடுதல்

இரிடியம் பிளக்கின் மைய முனை அரை மில்லிமீட்டர் அளவே தடிமன் கொண்டது. நாணயம்போன்ற வட்ட அளவியை அதில் நுழைத்து நெம்பினால் முனை வளையும் அல்லது பீங்கான் விரியும். இடைவெளியைக் கம்பி அளவியால் மெதுவாகச் சரிபார்த்தால் போதும். கீழே விழுந்த பிளக்கைத் துடைத்துப் போட்டுவிடாதீர்கள்; கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம்.

ராட்செட்டைக் கழற்றிவிட்டு, எக்ஸ்டென்ஷனை விரலால் மட்டும் பிடித்துத் திருப்புங்கள். அதுவும் எட்டாவிட்டால் பிளக்கின் தலையில் ஒரு ரப்பர் குழாயைச் செருகி இறக்குங்கள். மரை கோணலாகப் பிடித்தால் குழாய் வழுக்கி எச்சரிக்கும். விரலின் பலத்திலேயே பிளக் கடைசி வரை இறங்க வேண்டும். இரண்டு சுற்றிலேயே இறுகினால் மரை மாறிப் பிடித்திருக்கிறது. வெளியே எடுத்து மறுபடி தொடங்குங்கள்.

இறுக்கும் அளவு கையேட்டில் இருக்கும். அலுமினிய ஹெட்டில், வாஷர் உள்ள 14 மில்லிமீட்டர் பிளக்குக்குப் பொதுவாக 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12 மில்லிமீட்டருக்கு 15 முதல் 20. டார்க் ரெஞ்ச் கிடைக்கவே இல்லை என்றால், புதிய வாஷர் உள்ள பிளக் விரலால் உட்கார்ந்த பிறகு அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு சுற்று வரை. வாஷர் இல்லாத கூம்பு வடிவப் பிளக் என்றால் வெறும் பதினாறில் ஒரு சுற்று. இந்த இரண்டையும் மாற்றிச் செய்தால் கூம்புப் பிளக் ஹெட்டிலேயே இறுகிப்போகும்.

மரையில் கிரீஸ் தடவலாமா என்று கேட்பவர்கள் பலர். பூச்சுள்ள இன்றைய பிளக்குகளுக்குத் தேவையில்லை. மரை வழுவழுப்பானால் ரெஞ்ச் அதே எண்ணைக் காட்டும்போதே பிளக் கூடுதலாக இறுகிவிடும். காயிலின் ரப்பர் உறைக்குள், விளிம்பில் மட்டும், மின்காப்பு கிரீஸ் மெல்லியதாகத் தடவுவது நல்லது. அடுத்த முறை ஒட்டாமல் வரும். காயில் போல்ட் பெரும்பாலும் பிளாஸ்டிக் வால்வு கவரில் இறங்குகிறது. மெல்லிய விசை போதும்.

## மாற்றிய உடனேயே புதிய மிஸ்ஸிங்

முன்பு இல்லாத கோளாறு இப்போது வந்தால் புதிய பிளக்கைத் திட்டும் முன் உங்கள் கை பட்ட இடங்களுக்குத் திரும்புங்கள். காயில் இணைப்பான் ‘கிளிக்’ என்று பூட்டிக்கொண்டதா? காயில் பிளக்கின் தலையில் முழுதாக அமர்ந்ததா, அல்லது ஒன்று மற்றவற்றைவிட உயரமாக நிற்கிறதா? அருகிலிருந்த இன்ஜெக்டர் கம்பி தளர்ந்ததா? பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். எல்லாம் சரி என்றால் அந்தச் சிலிண்டரின் பிளக்கை வெளியே எடுத்துப் பீங்கானில் விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். போலிப் பிளக்குகளும் நிறைய புழங்குகின்றன. எழுத்து மங்கலாக, வாஷர் தளர்வாக, மைய முனை கோணலாக இருந்தால் சந்தேகிப்பதில் தவறில்லை.

‘டிக், டிக்’ என்றோ ‘புஸ், புஸ்’ என்றோ இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஒலி கேட்டால் ஒரு பிளக் இறுகாமல் வாயு கசிகிறது. உடனே அணையுங்கள். தளர்ந்த பிளக் தன் சூட்டை ஹெட்டுக்குக் கடத்த முடியாமல் உருகும், மரையையும் கெடுக்கும்.

ஐட்லிங் ஏறி ஏறி இறங்கினால் கழற்றி மாட்டிய ஏர் ஃபில்டர் பெட்டியையும் அதன் குழாய்ப் பட்டையையும் பாருங்கள். காற்றளவு சென்சாரின் இணைப்பானைச் செருக மறந்தாலும் இதே நிலைதான். பேட்டரியைக் கழற்றி மாட்டிய வண்டியில் சிறிது நேரம் ஐட்லிங் ஒழுங்கில்லாமல் இருக்கலாம். கணினி கற்றுக்கொண்டதும் அடங்கிவிடும்.

## எல்லாம் புதிது, குறியீடு மட்டும் அதே சிலிண்டரில்

பிளக் புதிது, காயிலை இடம் மாற்றியும் பார்த்தாயிற்று, பி0302 மறுபடி வருகிறது. இப்போது கம்ப்ரஷன் சோதனை வேண்டும். நான்கு சிலிண்டர்களிலும் அளந்து, மிகக் குறைந்தது மிக உயர்ந்ததில் நான்கில் மூன்று பங்குக்குக் கீழே போகிறதா என்று பார்ப்பது பொதுவான அளவுகோல். குறைந்த சிலிண்டருக்குள் சிறிது எண்ணெய் விட்டு மறுபடி அளக்கும்போது எண் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். அழுத்தம் சரி என்றால் இன்ஜெக்டர். நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜின்களில் அந்தக் குழாயின் அழுத்தம் மிக அதிகம்; வீட்டில் அதைத் தளர்த்த வேண்டாம்.

வண்டியைப் பணிமனைக்குக் கொண்டுபோகும்போது எண் எழுதிய அட்டையோடு அந்த நான்கு பழைய பிளக்குகளையும், வந்த குறியீடுகளையும், எதை எதோடு இடம் மாற்றிப் பார்த்தீர்கள் என்ற குறிப்பையும் எடுத்துச் செல்லுங்கள். நல்ல மெக்கானிக் அவற்றைப் பார்த்த பிறகுதான் பானெட்டைத் திறப்பார்.